பக்கத்து இருக்கையைப் பார்த்து டயர் கொடுத்தவர்

காதர் பாய் யாருக்கும் போன் செய்கிறவர் அல்ல. கோவளத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கும் அவர்களுடைய டயர் கடையில் பேச்செல்லாம் அவர் மனைவி ஜமீலாவுடையது. இவர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். அதனால் போன வாரம் ஒரு காலையில் என் கைபேசியில் அவர் பெயர் வந்தபோதே ஏதோ கெட்ட செய்தி என்று தெரிந்துவிட்டது. "ஜமீலா மௌத்தாயிட்டா அண்ணே. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி. லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். நீங்களும் அண்ணியும் வந்துடுங்க" என்றார். பக்கத்தில் நின்ற என் மனைவி மலர்விழி என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டுகிற உங்களில் பாதிப் பேர் ஜமீலாவிடம் டயர் வாங்கியவர்கள். மீதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். இரண்டையும் வாங்கியவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தவர்களை எல்லாம் புன்னகை மாறாத தெய்வங்களாக ஆக்கி எழுதுவது எனக்கு ஒத்துவராது. ஜமீலா சத்தமான பெண்மணி. தன் நகைச்சுவைக்குத் தானே முதலில் சிரிப்பார். தன்னைப்போல் வண்டி ஓட்ட இந்தச் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆள் இல்லை என்று நம்பினார், அதை எல்லோரிடமும் சொன்னார். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்ததுதான் எரிச்சலே.

அவரை நான் முதலில் பார்த்தது வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில். துறைமுக அலுவலகத்தில் காலம் தள்ளிவிட்டு, கைக்கு வந்ததில் ஒரு பங்கைப் போட்டு, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தேன். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை. அறுபதில் புத்தி பிசகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். மலர்விழி மட்டும், "கல்யாணம் ஆனதுல இருந்து ஸ்கூட்டர்ல உங்க முதுகைப் பார்த்துக்கிட்டே வந்தாச்சு. இனிமே பக்கத்துல உட்கார்ந்து வரேன்" என்றாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊரப்பாக்கம் வீட்டில் இரண்டு பேர் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு என்ன செய்வது? அந்த வண்டியை நம்பித்தான் எங்கள் முதுமையைத் திட்டமிட்டிருந்தோம்.

வண்டியோடு வந்த டயர்கள் கட்டையாகிப் போயிருந்தன. கோவளத்தில் விசாரித்துக் கடைக்குப் போனேன். முழங்கை வரை வளையலும் அத்தர் வாசனையுமாக ஜமீலா வெளியே வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "இன்னா அண்ணாத்த, மேல ஜம்முனு கீது, கீழ காலு நாலும் செத்துப்போய் கீது" என்றார். பிறகு கதவைத் திறந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, "ஓட்டு, முட்டுக்காடு பாலம் வரைக்கும்" என்றார். டயர் விற்பதற்கு முன் ஆளை ஓட்டவைத்துப் பார்ப்பது அவர் வழக்கம். போய்த் திரும்புவதற்குள் என் கையைப் பற்றி முடிவு செய்துவிட்டார். "உன் கைக்கு ரோட்டு டயரு வேஸ்ட்டு. டிராக் டயரு போட்டுக்கினு ஓட்டு, அப்பொறம் சொல்லு" என்றார். என் வாழ்நாளில் எந்த மேலதிகாரியும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை. மகிழ்ச்சியில் அன்றே நாலு டிராக் டயரும் மாட்டிக்கொண்டு வந்தேன்.

வண்டி ஓட்டாதவர்களுக்காக ஒரு விளக்கம். பந்தயத் தடத்துக்கான டயரில் ரப்பர் மெத்தென்று இருக்கும். சில சுற்றுகள் விரட்டிச் சூடேற்றினால் தரையைக் கவ்விக்கொள்ளும், வளைவுகளில் வண்டி சொன்னபடி கேட்கும். ஆனால் மழைநீரை வெளியே தள்ளும் பள்ளங்கள் அதில் குறைவு. சாலையில் நாம் போகிற போக்குக்கு அது சூடேறுவதும் இல்லை. சாலை டயரின் ரப்பர் வேறு, பள்ளங்கள் ஆழமானவை. தடத்தில் அது சீக்கிரம் களைத்துப்போகும், மழையில் மட்டும் கைவிடாது. இதெல்லாம் ஜமீலாவுக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அன்று வெயில் காய்ந்தது, நானும் நன்றாக ஓட்டித் தொலைத்தேன்.

கோடை முழுவதும் ராஜபோகம். ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருக்கும் பந்தயத் தடத்தில் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்களில் போய், பேரன் வயதுப் பையன்களை முந்தினேன். ஞாயிறுகளில் மலருடன் மாமல்லபுரம் போய், கடலைப் பார்த்து, வறுத்த மீன் சாப்பிட்டுத் திரும்புவேன். ஐப்பசியின் முதல் மழை அப்படி ஒரு திரும்புதலில் பிடித்துக்கொண்டது. கடற்காற்று சாலையோரம் தூவி வைத்திருந்த மணலும் மழைநீரும் சேர்ந்த ஓர் இடத்தில், நிதானமாகப் போய்க்கொண்டிருந்த வண்டி சட்டென்று வழுக்கி ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. எதிரே வந்த பேருந்து ஒதுங்கிப் போனதால் பிழைத்தோம். ஒரு கீறல் இல்லை. மலர் கதவைத் திறந்து இறங்கினாள், மழையில் நடந்தாள், ஷேர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். கேளம்பாக்கம் வரை அந்த ஆட்டோவுக்குப் பின்னால் நான் உருட்டிக்கொண்டே போனேன். அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜமீலாவைப் போனில் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் மணல் மேல் பழி போட்டிருக்கலாம், மழை மேல் போட்டிருக்கலாம், என் காலின் மேல் போட்டிருக்கலாம். எதுவும் செய்யாமல் முழுக்கக் கேட்டுவிட்டு, "அண்ணிக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார். மறுநாள் காலை காதர் பாயின் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து ஊரப்பாக்கம் வந்துவிட்டார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய் மலர் முன்னால் நின்றார்.

"தப்பு என்னுது அண்ணி. இவர் கையப் பாத்தேன், பக்கத்து சீட்டுல யாரு குந்துவாங்கன்னு பாக்கல."

மலர் காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "டயரை மாத்துங்க, வண்டியை மாத்துங்க, என்ன வேணா பண்ணுங்க. நான் இனிமே அதுல ஏற மாட்டேன்" என்றாள்.

அன்றைக்கே வண்டிக்குச் சாலை டயர்கள் மாறிவிட்டன. மலர் மாறவில்லை. கெஞ்சினேன், கோபித்தேன், பக்கத்துத் தெரு வரைக்குமாவது வா என்றேன். ம்ஹூம். பக்கத்தில் உட்கார ஆள் இல்லாத இரண்டு இருக்கை வண்டியைப் போலக் கேலிக்கூத்து வேறில்லை. தனியாக மாமல்லபுரம் போய், தனியாகக் கடலைப் பார்த்து, மீனைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தால், "வச்சிட்டுப் போங்க" என்பாள். அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சிச் சத்தம்தான் அதிகம் கேட்டது. வண்டியை விற்றுவிட ஆளும் பார்த்தேன். விற்றாலும் அந்த மௌனம் போகாது என்று தெரிந்ததால்தான் விற்கவில்லை.

ஜமீலா இதைத் தன் வீட்டுக் கவலைபோல எடுத்துக்கொண்டார். முதலில் கடையில் ஒரு சட்டம் வந்தது. ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் கேட்டு யார் வந்தாலும், "வூட்டுக்குப் போசொல்ல கூட யாரு வருவாங்க?" என்பதுதான் முதல் கேள்வி. மனைவி, அம்மா, குழந்தை என்று யார் பெயர் வந்தாலும் சாலை டயர்தான் மாட்டுவார். தடத்தில் ஓட்ட வேண்டுமா, அதற்குத் தனியாக இன்னொரு நாலு. நம் வண்டிகளில் ஒரு பை வைக்க இடமில்லை, நாலு சக்கரத்தை எங்கே வைப்பது? அதற்கும் வழி செய்தார். தடத்தில் ஓட்டும் நாளில் எல்லோருடைய தடச் சக்கரங்களும் கடையின் குட்டியானை மினிலாரியில் ஏறி வரும். கூடவே ஒரு தேக்சா பிரியாணியும் வரும். சாயங்காலம் ஓட்டி முடித்ததும் ஜாக்கி வைத்து, சக்கரம் மாற்றி, சாலை டயரோடுதான் வெளியே போக வேண்டும். தடத்தின் வாசலில் அவர் நிற்பார்.

இடுப்பு கழன்றுவிடும். முணுமுணுக்காத ஆள் கிடையாது. ஒருநாள் நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நம் நண்பர் ஒருவர், "வானம் பளிச்சுன்னு இருக்குக்கா, இன்னைக்கு மட்டும் விடுங்க" என்று கெஞ்சினார். ஜமீலா சிரித்துக்கொண்டே கையை நீட்டி அவர் சாவியை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "வெளையாட்ற டயரு வேற, வூட்டுக்குப் போற டயரு வேற. மாத்து, சாவி தரேன்." நண்பர் கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு ஜாக்கியைத் தேடப் போனார். அப்புறம் பிரியாணியில் அவருக்குத்தான் பெரிய கறித்துண்டு விழுந்தது.

வியாபாரிகள் தங்கள் தவறை மூடி மறைப்பார்கள். இவர் அதைக் கடை வாசலிலேயே வைத்தார். புதிதாக வருகிறவர்களிடம், "நானே ஒருத்தருக்குத் தப்பா போட்டுட்டேன், தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். நான் அங்கே இருந்தால், "தோ, இவருக்குத்தான்" என்று விரலை வேறு நீட்டுவார். எனக்கு மானம் போகும். விடுங்களேன் என்று ஒருமுறை சொன்னேன். "அண்ணி இன்னும் வண்டில ஏறலியே அண்ணாத்த, எப்டி விடறது?" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

மலரிடம் அவர் வண்டிப் பேச்சே எடுக்கவில்லை. கோவளத்துக் கருவாட்டைக் கொண்டுவந்து கொடுப்பார், மலர் சுட்ட முறுக்கை வாங்கிப் போவார். இருவருக்கும் பேச எவ்வளவோ இருந்தது, என்னைக் கண்டதும் நிறுத்திக்கொள்வார்கள். பிறகு கார்த்திகையில், நல்ல அடைமழை நாளில், மலரைக் கோவளத்துக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். மலர் பேருந்தில் வந்தாள், நான் வண்டியில் வந்தேன். சாப்பாடு முடிந்ததும், "அண்ணி, நீங்க ஏற வாணாம். நின்னு பாருங்க, போதும்" என்று சொல்லிவிட்டு, மலர் உட்காரும் இருக்கையில் தான் ஏறிக்கொண்டு என்னை ஓட்டச் சொன்னார். கடைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கிய வெறுந்திடல். "அழுத்து. இப்போ புடி பிரேக்க." வண்டி நேராக நின்றது. "மறுபடி." மறுபடியும் நின்றது. போதும் என்று அவர் சொல்லவே இல்லை. கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையெல்லாம் நனைய, மலரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் மலர்தான் குடையோடு திடலுக்குள் நடந்து வந்தாள். "போதும் ஜமீலா, சளி புடிக்கும்" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "நீங்க இறங்குங்க" என்றாள். நான் இறங்கினேன். ஜமீலா ஓட்டுநர் இருக்கைக்கு மாறினார், மலர் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னை மழையில் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் மாமல்லபுரம் பக்கம் போய்விட்டார்கள். காதர் பாய் எனக்குத் தேநீர் கொடுத்து, பயப்படாதீர்கள் என்பதுபோல் தலையாட்டினார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது மலர் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். என்ன பேசினீர்கள் என்றதற்கு, "உங்களைப் பத்தித்தான்" என்றாள். அன்று வீட்டுக்கு என்னோடு வண்டியிலேயே வந்தாள், ஆனால் வழி முழுக்க கதவுப் பிடியை விடவில்லை. அதற்குப் பிறகும் மழை என்றால் நான் மாட்டுவண்டி வேகத்தில்தான் போக வேண்டும். அது எங்களுக்குள் ஒப்பந்தம்.

அடக்கத்தன்று காதர் பாயின் கையைப் பிடித்துக்கொண்டு ஆண்களோடு நின்றேன். மலர் உள்ளே பெண்களோடு இருந்தாள். கடையின் கதவு பாதி இறக்கப்பட்டிருந்தது. உங்களில் பலர் வந்திருந்தீர்கள். அடுத்தமுறை தடத்துக்குப் போகும்போது வாசலில் யார் நிற்பது என்று ஒருவர் கேட்டார். நானே நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு அவர் குரல் கிடையாது, ஆனால் சாவியைப் பிடுங்கிக்கொள்ளத் தெரியும்.

மற்றபடி ஜமீலாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. என் பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்து வருகிறாள். அதை அவர்தான் எனக்குத் திருப்பிக் கொடுத்தார்.

நாங்கள் கோவளத்தை விட்டுக் கிளம்பும்போது மழை கொட்டியது. வழக்கம்போல உருட்டிக்கொண்டு போனேன். மலர் அழுது ஓய்ந்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு லாரி, அப்புறம் ஒரு ஆட்டோ, அப்புறம் ஒரு மொபெட்கூட எங்களைத் தாண்டிப் போனது. "ஏங்க, அவங்க போட்டுக் குடுத்த டயர்தானே? எதுக்கு இப்படி ஊர்றீங்க? கொஞ்சம் அழுத்துங்க" என்றாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அழுத்தினேன்.