திறந்திருந்த தோப்பு

கங்காதர நெல்லூரில் நான் குடியிருந்த வீட்டுக்கு எதிரே ஒரு மாந்தோப்பு. அதன் சொந்தக்காரர் எங்கள் திருச்சபையைச் சேர்ந்தவர். நல்ல உயரம். எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டிருப்பார். மோட்டாரைப் போடும் முன் தலைத்துண்டை எடுத்துவிட்டு, கண்ணை மூடிச் சற்று நேரம் நிற்பார்.

அந்தக் கோடையில் ஊரிலிருந்த போர்வெல்கள் எல்லாம் வற்றின. அவருடையதில் மட்டும் தண்ணீர் வந்தது. அவர் தோப்பின் கேட்டைத் திறந்துவிட, ஊரே குடங்களோடு வந்தது. மரங்களுக்குத் தண்ணீர் போதாமல் பிஞ்சுகள் உதிரத் தொடங்கின.

“காயெல்லாம் கொட்டிக்கினு இருக்குதேண்ணா, கேட்டைச் சாத்தினா என்ன?” என்றேன்.

“தண்ணி என்னுதா இருந்தா சாத்தலாம்பா. கர்த்தர் குடுக்கறாரு, நான் மோட்டார் போடறேன். அவ்ளோதான்.”

“இதுவும் வத்திப்போச்சுன்னா?”

“அவருக்குத் தெரியாமலா வத்தும்?” என்று சிரித்தார்.

சில நாளில் அதுவும் வற்றியது. டேங்கர் லாரி வந்தபோது அவரும் வரிசையில் நின்றார். எல்லோரும் வழிவிட்டும் முன்னே போகவில்லை. பின்னால் நின்ற பெண்ணிடம் அவள் மகனுக்கு வேலை கிடைத்ததா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். காய்ப்பு போன வருத்தத்தை அவர் முகத்தில் தேடினேன். காணவில்லை. அதை அவர் எங்கே இறக்கி வைத்தார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.