நைட்ரஜனைச் சந்தேகித்த எஸ்தர்

மணவாள நகர் நிறுத்தத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எஸ்தரின் கணவர் டேனியல் போனில் கூப்பிட்டார். "அக்கா, எஸ்தர் பூட்டாக்கா" என்றார். பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

கும்மிடிப்பூண்டியில் நம் மாட்டுத் தீவன ஆலையின் ஆய்வுக்கூடத்தில் நானும் அவளும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். தீவனத்தில் எவ்வளவு புரோட்டீன் என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் மாவுச்சத்திலும் கொழுப்பிலும்கூட இருக்கும். புரோட்டீனைக் காட்டிக்கொடுப்பது நைட்ரஜன். அதை அளந்து கணக்குப் போடுவோம்.

கடலைப் புண்ணாக்கு லாரி ஒன்றை அவள் மறித்த நாள் ஆலையில் உடன் வேலை செய்த உங்களில் பலருக்கு நினைவிருக்கும். நைட்ரஜன் அளவு அருமையாக வந்திருந்தது. அவளுக்கோ முகம் சரியில்லை. "இவ்ளோ நல்லா வராதுடி" என்று சொல்லித் தனியாக ஒரு சோதனை செய்தாள். சோதனைக் குழாய்க்குள் மஞ்சள் நிறம் தெரிந்தது. நைட்ரஜனைக் கூட்டிக் காட்ட யூரியா உரத்தைக் கலந்திருக்கிறார்கள்.

கொள்முதல் மேலாளர் வந்தார். "நம்பர் நல்லாத்தானே வந்திருக்கு? லாரிய உள்ள விடும்மா."

"நைட்ரஜன் கீது சார், புரோட்டீன்தான் இல்ல. இத்தத் துன்னா மாடு செத்துப்பூடும். அது வந்து நம்மள கேக்காது சார், அதான் எனக்கு பயம்."

லாரி திரும்பிப் போகும்வரை அவள் கேட்டருகே வெயிலில் நின்றாள். அந்த வருடம் அவளுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நான் கொதித்தேன். "லாரி போச்சில்ல, உடு" என்றாள்.

பிறகு அவளுடைய சிறுநீரகம் கெட்டது. சிறுநீர்ப் பரிசோதனை முடிவை என்னிடம் நீட்டினாள். "பாரு கோமதி, ஒடம்புல கீற புரோட்டீன்லாம் மூத்திரத்துல போய்க்கினு கீது. நானா இருந்தா இந்த சாம்பிள பெயில் பண்ணிருப்பேன்." அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியாகப் பார்த்தபோது திருவள்ளூரில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் உளறினேன். "கார்பன், நைட்ரஜன் எதுவும் அழியாதுன்னு நாமதானேடி படிச்சோம்?"

"அழியாதுதான். ஆனா அது நான் இல்லியேடி. எம் பொண்ணு வந்து கூப்ட்டா அது திரும்பிப் பாக்குமா?"

நான் அவள் போர்வையைச் சரிசெய்தேன்.

அவளே பேச்சை மாற்றினாள். "தல சிக்காக் கீது, கொஞ்சம் வாரி உடு. சாயங்காலம் பொண்ணு வருவா." அவளைச் சாய்த்து உட்காரவைத்து மெல்ல வாரினேன். "இறுக்கிப் பின்னுடி, அவ வர்ற வரைக்கும் நிக்கணும்" என்றாள். மெலிந்து போயிருந்தது கூந்தல். இறுக்கிப் பின்னினேன். மகள் வந்து பார்த்தாள். மறுநாள் காலையில் எஸ்தர் இல்லை.

அவள் கேட்டு, என்னால் செய்ய முடிந்தது அந்த ஒரு பின்னல். என் விரல்களில் இன்னும் இருக்கிறது அது.