பழஞ்சீலை

கடல் ஊருக்குள் வந்த பிறகு நாங்கள் தங்கிய பள்ளிக்கூட முகாமில், பக்கத்துப் பாயில் இருந்த அக்கா அவர். மெலிந்த உருவம். பேசும்போது சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்ப்பார்.

நிவாரணத்தில் கிடைத்த நாப்பி, அந்த வெக்கையில் என் ஒன்றரை வயது மகனின் தொடையைப் புண்ணாக்கிவிட்டது. துணி கட்டலாம் என்றால், முகாமில் இருந்ததெல்லாம் கஞ்சி மொடமொடப்புப் போகாத நிவாரணத் துணி.

“புதுச்சீலை அறுக்கும். புள்ளைக்குப் பழஞ்சீலைதான் வேணும்” என்றார் அக்கா.

“பழசுக்கு நான் எங்கக்கா போற? எல்லாத்தையும் கடல் கொண்டு போயிற்றே.”

அவர் எழுந்து, தலைமாட்டுப் பையிலிருந்து ஒரு நீல நூல்சேலையை எடுத்தார். கடல் வந்த அன்று உடுத்தியிருந்த சேலை. வீட்டிலிருந்து அவரோடு மிஞ்சியது அது ஒன்றுதான். நான் தடுப்பதற்குள் கிழித்துவிட்டார்.

புண் ஆறி, மகன் மறுபடி முகாமெங்கும் ஓடத் தொடங்கினான். எந்தச் சாமி செய்யும் இதை?

கொடியில் காயும் அந்தத் துண்டுகளைப் போகும்போதும் வரும்போதும் அவர் தொட்டுப் பார்ப்பார். காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.