மதிய ஷிப்டில் யாரோ கை வைக்கிறார்கள்

என் மனைவி யாரையும் நம்பமாட்டாள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவள் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. கடையில் தராசைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் காய்கறி வாங்குவாள். வீட்டுக்கூடத்தில் இரண்டு சுவர்க்கடிகாரங்கள் உண்டு, ஒன்றை மற்றொன்று கண்காணிப்பதற்காக. நான் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி பொருத்துகிறவன். கல்யாணமான புதிதில் ஆசையாக அவளுக்கு நானே ஒரு கண்ணாடி செய்து கொடுத்தேன். அதை வேறொரு கடைக்குக் கொண்டுபோய், பவர் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் போட்டுக்கொண்டாள். சரியாகத்தான் இருந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஊருக்குக் குடிதண்ணீர் சுத்தம் செய்து அனுப்பும் நிலையத்தில் அவள் இன்ஜினியர். அங்கே அவள் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் சோதனைச்சாவடி. தண்ணீரில் எவ்வளவு குளோரின் கலப்பது என்று தானாகவே முடிவு செய்யும் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்று அங்கே உண்டு. அந்தப் பெட்டிக்குக் கணக்கு எழுதுவது அவள் வேலை.

கேட்டால் என்ன பெரிய வித்தை என்றுதான் தோன்றும். குறைந்தால் கூட்டு, கூடினால் குறை, அவ்வளவுதானே? ஆனால் குளோரின் கலப்பது ஒரு முனையில். கலந்த தண்ணீர் பெரிய பெரிய தொட்டிகளைச் சுற்றி மறுமுனைக்கு வந்த பிறகுதான் மீட்டர் அளந்து சொல்லும். நடுவில் நல்ல நேரம் ஓடிவிடும். அதற்குள் பெட்டி பொறுமையிழந்து கூட்டிக்கொண்டே போனால், கூட்டியதெல்லாம் பிறகு மொத்தமாக வந்து சேரும். உடனே பயந்துபோய்க் குறைத்துக்கொண்டே போகும். இப்படியே தண்ணீர் ஒரு நேரம் மருந்து வாடையோடும் ஒரு நேரம் ஒன்றுமில்லாமலும் ஊஞ்சலாடும்.

எனக்கு இது விளங்கியது வெளிநாட்டில் இருக்கும் மகளோடு போனில் பேசும்போதுதான். குரல் போய்ச் சேரச் சற்றுத் தாமதமாகும். பதில் வரவில்லையே என்று நான் மறுபடி கேட்பேன். அதே சமயம் முதல் கேள்விக்கு அவள் பதில் வந்து மோதும். இரண்டு பேரும் நிறுத்துவோம், பிறகு இரண்டு பேரும் ஒன்றாகத் தொடங்குவோம்.

"கேட்டாச்சுல்ல, வாயை மூடிட்டு இருங்க. உங்க கேள்வி இன்னும் வழியில போயிட்டிருக்கு" என்பாள் மனைவி.

அவளுடைய கணக்கின் சூட்சுமமும் அதுதான். அனுப்பிய குளோரினில் எவ்வளவு இன்னும் வழியில் இருக்கிறது என்பதைப் பெட்டி நினைவில் வைத்துக்கொள்ளும். வந்து சேராததையும் வந்ததாக எண்ணிக்கொண்டு அடுத்த முடிவை எடுக்கும். எத்தனை பம்ப் ஓடுகிறது என்பதைப் பொறுத்துத் தொட்டிகளைத் தண்ணீர் கடக்கும் நேரம் மாறும். அதையும் சேர்த்திருந்தாள். வருஷக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது. சோதனை ஓட்டம் தொடங்கியபோது திரையில் குளோரின் அளவைக் காட்டும் கோடு ஆடாமல் அசையாமல் படுத்துக் கிடந்ததாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்னிடம் சிரித்துப் பேசினாள். எனக்கே கொஞ்சம் சந்தேகமாக இருந்தது.

என் தம்பி சின்னவன் அதே நிலையத்தில் ஆபரேட்டர். காலையில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டும் என்று மதிய ஷிப்டையே நிரந்தரமாகக் கேட்டு வாங்கிக்கொண்டவன். ஒருநாள் ஒரு பம்ப் திடீரென்று நின்றுவிட, அவன் பெட்டியை நிறுத்திவிட்டுக் குளோரினைத் தன் கையாலேயே கூட்டிக் குறைத்து ஓட்டினான். அங்கே விதியும் அதுதான். ஆனால் அண்ணியிடம் சொல்லவில்லை. அவள் பழைய கோடுகளைப் புரட்டும்போது கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த முறை அவன் வீட்டுக்கு வந்தபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

"பெட்டில ஏன் கை வச்சீங்க?"

"பம்ப் நின்னுடுச்சு அண்ணி. சூப்பர்வைசர்கிட்ட சொன்னேனே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்."

மறந்துட்டேன் என்பது அவளைப் பொறுத்தவரை பதில் இல்லை, வாக்குமூலம். அதுவரை அவனை நீ, வா, போ என்று உரிமையோடு பேசிக்கொண்டிருந்தவள் அன்றிலிருந்து 'நீங்க' என்று மரியாதை கொடுக்கத் தொடங்கினாள். 

மீட்டர் அப்போது தண்ணீர் வெளியேறும் குழாயின் பக்கத்திலேயே, ஒரு திறந்த கொட்டகையில் இருந்தது. யார் வேண்டுமானாலும் போய்ப் பட்டனை அழுத்தலாம். அப்படி விடக்கூடாது என்று மேலிடத்தில் வாதாடி, கட்டடத்தின் கடைக்கோடியில் இருந்த அறைக்கு அதை மாற்றிவிட்டாள். குழாயிலிருந்து அந்த அறைவரை விரல் பருமனில் ஒரு டியூபை இழுத்து, அளக்க வேண்டிய தண்ணீரை அங்கே கொண்டுபோனார்கள். அறைக்குப் பூட்டு. சாவி அவள் கைப்பையில்.

அதற்குப் பிறகுதான் கோடு ஆட ஆரம்பித்தது. காலையில் இல்லை, இரவில் இல்லை. சின்னவன் வேலை பார்க்கும் மதியத்தில் மட்டும்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்றாள் என்னிடம்.

"ரூம் பூட்டியிருக்கு. சாவி உன் பையில இருக்கு. அவன் எப்படிம்மா கை வைப்பான்?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும்."

இதற்கு மேல் அவளோடு என்ன பேசுவது? சொந்தக் கொழுந்தன் என்று கொஞ்சமாவது பார்ப்பாள் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. 'மதிய ஷிப்டில் யாரோ கை வைக்கிறார்கள்' என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள். பெயர் எழுதவில்லையே என்று என்னிடம் நியாயம் வேறு பேசினாள். மதிய ஷிப்டில் ஆபரேட்டர் ஒரே ஆள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று சின்னவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குற்றம் உறுதியானால் வேலை போய்விடும். குடிதண்ணீரில் விளையாடியவன் என்று பெயர் வாங்கியவனை வேறு எவன் வேலைக்குச் சேர்ப்பான்?

அவனுக்குப் பதிலாக வேறொருவர் மதிய ஷிப்டுக்கு வந்தார். கோடு அப்படியேதான் ஆடியது. இப்போதாவது அவளுக்கு உறைக்கும் என்று பார்த்தேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிக்கிறவங்க" என்றாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "அப்போ என் மேலயும் சந்தேகப்படு."

"உங்க மேலதான் முதல்ல பட்டேன். உங்களுக்கு அவ்வளவு விவரம் பத்தாது."

இத்தனை வருஷம் கூடவே இருந்ததில் எனக்கும் அந்த நோய் தொற்றியிருக்க வேண்டும். என் மனதில் ஒரு கேள்வி நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போனது. பெட்டியே உதவாக்கரைதானோ? அதை மறைக்க என் தம்பியைப் பலி கொடுக்கிறாளோ? கடைசியில் அதை அவள் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் நிலையத்திலிருந்து போன் செய்தாள். கேக்கில் போடும் சிவப்புச் சாயம் ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு உடனே வரச்சொன்னாள். டியூபில் தண்ணீர் எப்படிப் போகிறது என்று கண்ணால் பார்க்கவேண்டுமாம். அங்கே இருக்கும் ஒருத்தர்மேலும் நம்பிக்கை இல்லாததால், விவரம் பத்தாத என்னைக் கூப்பிட்டிருக்கிறாள். மதிய ஷிப்ட் நடந்துகொண்டிருந்தது. பழைய கொட்டகையில், டியூப் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன வடிகட்டி இருந்தது. வால்வை மூடி, வடிகட்டியைத் திறந்து, சாயத்தை ஊற்றி, மறுபடி மூடிவிட்டு வால்வைத் திறக்கவேண்டும் என்று செய்து காட்டினாள். அளந்து முடித்த தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகும், யார் வீட்டுக் குழாயிலும் சிவப்பாக வராது என்றாள். பிறகு கடைக்கோடி அறைக்குப் போய், உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, டியூபின் மறுமுனையைப் பார்த்தபடி போனில் காத்திருந்தாள்.

"ஊத்தியாச்சு" என்றேன்.

சிறிது நேரம் கழித்து, "ஊத்துனீங்களா இல்லையா?" என்றாள்.

"ஊத்தியாச்சும்மா."

"இங்க வரலையே."

"அதுக்கு நான் என்ன பண்றது?"

"வால்வைத் திறந்தீங்களா? பொய் சொல்லாதீங்க."

"திறந்துதான் இருக்கு."

"எனக்கென்னவோ நீங்க சரியா ஊத்தலைன்னு தோணுது. இன்னொரு தடவை ஊத்துங்க."

ஊற்றினேன். பிறகு வெகுநேரம் போனில் அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. நான் அந்தக் கொட்டகையில் நின்று கையிலிருந்த சிவப்பைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"வந்துடுச்சு" என்றாள் மெதுவாக.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. "மறுபடியும் வருது."

முதலில் வந்தது நான் முதலில் ஊற்றியது. நான் பொய் சொல்லவில்லை. தண்ணீர்தான் அந்த டியூபுக்குள் நத்தை மாதிரி ஊர்ந்து போயிருக்கிறது. நான் போனபோது அறையில் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். இவ்வளவு நீளத்துக்கு டியூபை இழுத்ததால் பெட்டிக்குச் செய்தி தாமதமாகத்தான் வரும், அந்தத் தாமதத்தைத் தன் கணக்கில் சேர்க்கவே இல்லை என்றாள். மதியத்தில் ஊரில் தண்ணீர்ச் செலவு குறைவு, அதனால் ஒரு பம்பை நிறுத்திவிடுவார்கள். அப்போது அழுத்தம் இறங்கி, டியூபில் தண்ணீர் இன்னும் மெதுவாக ஓடும். அதனால்தான் மதியத்தில் மட்டும் ஆடியது.

"யாரும் கை வைக்கல. நான்தான் கை வச்சிருக்கேன்" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். அவள் அழுது நான் அதிகம் பார்த்ததில்லை. எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது.

அன்றைக்கே மேலதிகாரியிடம் போய், தவறு தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தாள். மீட்டர் பழைய கொட்டகைக்கே திரும்பியது, கோடு அடங்கியது, சின்னவனை வேலைக்கு வரச்சொல்லி உத்தரவும் ஆனது. ஆனால் அவன் போகவில்லை. போன் செய்தால் எடுக்கவும் இல்லை. அவனை எப்படியாவது திரும்ப வரவைக்கவேண்டும் என்று அவள் என்னையும் இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தான். உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை. நடந்ததை ஒன்று விடாமல், தன்னைக் கொஞ்சமும் காப்பாற்றிக்கொள்ளாமல் நின்றபடியே சொன்னாள். சின்னவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"இதை ஆபீஸ்லயும் சொன்னீங்களா, இங்க மட்டும்தானா?"

"எழுதியே குடுத்துட்டேன் தம்பி."

"நகல் இருக்கா?"

வைத்திருந்தாள். அவன் அதை வாங்கி இரண்டு தடவை படித்தான். கையெழுத்தை உற்றுப் பார்த்தான். பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

"எப்படா வேலைக்குப் போறே?" என்று கேட்டேன்.

அவன் பதிலை அவளிடம்தான் சொன்னான். "வரேன் அண்ணி. ஆனா என்னைப் பம்ப் ஹவுஸ் பக்கம் போடச் சொல்லுங்க. உங்க பெட்டி பக்கமே வேணாம். நாளைக்கே அது மறுபடி ஆடுச்சுன்னா, உங்களுக்கு முதல்ல என் முகம்தான் ஞாபகம் வரும்."

இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொல்வாள் என்று நான் காத்திருந்தேன். அவனும் காத்திருந்தான் என்பது அவன் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஆனால் அவளுக்குப் பொய் சொல்ல வராது.

"சொல்றேன் தம்பி" என்றாள்.