தூதரிடம் கேட்டவள்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு 'பாய்லர்' என்று பெயர். வைத்தது நான்தான். பதினோரு வருடமாக அவளுக்கு எதிர்மேசையில் நின்று படுக்கை விரிப்பு மடித்த உரிமையில் வைத்தேன். விரிப்பு சரியாகக் காயாமல் வந்தால் கொதிப்பாள், லிஃப்ட் வர நேரமானால் கொதிப்பாள், கால்மணி நேரத்தில் ஆறிவிடுவாள். அந்த ஒரு தடவைதான் ஆறவில்லை.

அவள் கணவர் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுபவர். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது, "காவல் தூதரே, இவருக்காகக் கடவுள்கிட்ட பேசுங்க" என்று ஒரு வரி சொல்வாள். ஆளுக்கொரு வானதூதர் காவல் இருக்கிறார் என்று நம்பிய அம்மாவிடமிருந்து வந்த பழக்கம். அவள் தம்பியோ வேறொரு சபையில் சேர்ந்து போதகராகிவிட்டான். அந்த வரி காதில் விழுந்தாலே அவனுக்கு ஆகாது.

ஒரு செவ்வாய்க்கிழமை, இரும்புக் குழாய்களைப் பிணைக்கும் கிளாம்ப் ஒன்று உடைந்து, சாரத்தின் மூன்றாவது தட்டிலிருந்து அவர் கீழே விழுந்தார். இடுப்பெலும்பும் தொடையெலும்பும் போயின. உயிர் மிஞ்சியது.

ஞாயிறு மாலை தம்பி சபையாட்கள் மூன்று பேரோடு வார்டுக்கு வந்தான். நானும் அங்கே இருந்தேன். நீளமாக ஜெபித்துவிட்டுக் கண்ணைத் திறந்தவன், ஆற அமரச் சொன்னான்:

"அக்கா, நீ ஆண்டவரை விட்டுட்டுத் தூதர்கள்கிட்ட வேண்டின. வேதத்துல அதுக்கு இடமே இல்ல. அதோட பலன்தான் அத்தானுக்கு இந்த அடி."

அவள் கதவைக் காட்டினாள். "போ. உன் ஆளுங்களையும் கூட்டிக்கிட்டுப் போ."

அவள் போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடி வந்தார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் இரண்டு நாள் கழித்துக் கணவர் மின்விசிறியைப் பார்த்தபடியே கேட்டாராம்: "உன் தம்பி சொன்ன மாதிரி இருக்குமோ?"

மறுநாள் இதை என்னிடம் சொல்லும்போது அவள் கையிலிருந்த தலையணை உறை கிழிந்துவிட்டது. "என் வாய்தான் அவரைக் கீழ தள்ளிச்சுன்னு நினைக்கிறாரு! அப்படி நினைக்க வச்சவனை நான் சும்மா விடுவேனா?"

வசனம் இருக்கும் இடத்தைக் காட்டித்தான் தம்பியிடம் பேச வேண்டும் என்று பைபிளை எடுத்தாள். மூன்று வாரம் சாப்பாட்டு இடைவேளை முழுக்க நீராவிப் புழுக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். அழுக்குத் துணி மூட்டைகளில் கட்டும் சீட்டுகள்தான் அவளுக்கு அடையாளத் தாள்.

"இங்க பாரு, எருசலேமுக்காக ஒரு தூதர் கடவுள்கிட்ட மன்றாடுறாரு. இங்க ஒரு தூதர் தூபத்தோட சேர்த்து ஜனங்க ஜெபத்தை மேல கொண்டு போறாரு. அப்புறம் என்ன?" என்பாள். பத்து நிமிடம் கழித்துப் புத்தகத்தை மூடி மேசையில் வைப்பாள். "ஆனா, 'எனக்காகப் பேசுங்க'ன்னு தூதரைப் பார்த்து யாரும் கேட்கலையே! ஒரே ஒருத்தராவது கேட்டிருக்கக் கூடாதா?" வேதத்தின் மேலேயே கோபம் வந்துவிட்டது.

நான்காவது வாரம், "சாட்சிக்கு நீயும் வா" என்று என்னைத் தம்பி வீட்டுக்கு இழுத்துப் போனாள். உட்காரச் சொன்னான். அவள் உட்காரவில்லை.

"தேடிப் பார்த்துட்டேன். தூதர்கள் நமக்காகப் பேசுறாங்க. அது இருக்கு. அவங்ககிட்ட கேளுன்னு எங்கயும் இல்ல. யாக்கோபு பேரப்பிள்ளைகளை, 'என்னைக் காத்த தூதர் ஆசீர்வதிக்கட்டும்'னு வாழ்த்துற இடம் ஒண்ணுதான் கிட்டத்தட்ட வருது. அதுவும் தெளிவா இல்ல."

அவன் முகம் மலர்ந்தது. "அதைத்தானே அக்கா நானும் சொன்னேன். கடவுளுக்கும் நமக்கும் நடுவுல மத்தியஸ்தர் ஒருத்தர்தான்."

"நீ அதையா சொன்ன? கடைசிப் புத்தகத்துல யோவான் தூதர் கால்லயே விழுறாரு. ரெண்டு தடவை. தூதர் என்ன சொன்னாரு? 'இப்படிச் செய்யாதே, கடவுளைக் கும்பிடு'ன்னாரு. அவ்வளவுதான். யோவான் இடுப்பை யாராவது ஒடிச்சாங்களா? பொண்டாட்டி வேண்டினதுக்குப் புருஷன் எலும்பை உடைக்கிற கடவுள் எந்தப் பக்கத்துல இருக்காரு? காட்டு!"

அவன் புத்தகத்தைப் புரட்டவில்லை. "கோபத்துல பேசுற..."

"ஆமா, கோபம்தான். நான் தப்பா வேண்டியிருந்தா எனக்குச் சொல்லிக்கொடு. படுத்திருக்கிற மனுஷன் மேல கல்லை வைக்காத. அதை நீயே வந்து எடு."

ஐந்து நாள் கழித்து அவன் தனியாக வார்டுக்கு வந்தான். கட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, "அத்தான், அடிபட்டதுக்கு அக்கா காரணம்னு சொன்னது என் தப்பு" என்றான்.

கணவர் மின்விசிறியிலிருந்து கண்ணை எடுத்து அவனைப் பார்த்தார். பிறகு, "கிளாம்ப் துருப்பிடிச்சிருந்துச்சுன்னு போன மாசமே மேஸ்திரிகிட்ட சொன்னேன்" என்று சொல்லி அழுதார். விழுந்த நாளிலிருந்து அவர் அழுதது அப்போதுதான்.

இப்போது அவர் ஊன்றுகோலோடு நடக்கிறார். அவள் தூதர்களை விட்டுவிட்டாள். நேராகக் கடவுளிடமே பேசுகிறாள். அது ஜெபமா சண்டையா என்று பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தம்பியை மன்னித்தாயா என்று ஒருநாள் கேட்டேன்.

"மன்னிச்சாச்சு. ஆனா அவன் ஜெபம் பண்ண வந்தா நான் கண்ணை மூட மாட்டேன்" என்றாள்.