சாம்பிராணி போட்ட கோழிக்கூடு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், பிரெஞ்சுக்காரர் ஆண்ட புதுச்சேரியில் எங்கள் தெருவுக்குக் காலாப்பட்டிலிருந்து கூடையில் கோழி கொண்டுவந்து விற்பவர் ஒருவர் இருந்தார். கறுத்து மெலிந்த உடம்பு, அழுக்குத் தலைப்பாகை; 'ஐயா' என்பதற்குப் பதில் பிரெஞ்சில் 'முசியே' என்றுதான் கூப்பிடுவார். எந்தக் கோழியையும் காதோரம் வைத்து மூச்சைக் கேட்காமல் கைமாற்ற மாட்டார். வெறும் பகட்டு என்று நினைத்தேன்.

ஒரு மழைக்காலத்தில் என் ஐந்து கோழிகளும் கொறகொறவென்று மூச்சு இழுத்தன. பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் செய்வதுபோல, கூட்டைச் சாக்கால் மூடி உள்ளே சாம்பிராணி போட்டேன்.

அன்று வாசலுக்கு வந்தவருக்கு அந்தச் சத்தம் கேட்டது. தன் கோழிகளுக்கும் நோய் ஒட்டிவிடுமென்று கூடையைத் தெருமுனையில் வைத்துவிட்டு ஓடிவந்து, சாக்கைப் பிடுங்கி எறிந்தார்.

"மூச்சு முட்டுற கோழிக்குப் பொகை போடுவாங்களா முசியே? ஒங்க வாயைப் பொத்திட்டு மூக்குல போடட்டுமா?"

"என் கோழி, என் கூடு. கேக்க நீ யாருய்யா?" என்று கத்தினேன்.

உள்ளே மூன்று செத்துக் கிடந்தன. மற்ற இரண்டையும் காற்றோட்டமாகத் தனித்தனியே கட்டிவிட்டுப் போனார். அவை பிழைத்தன.

அடுத்த மாதம் அவரிடம் ஒரு கோழி கேட்டேன். எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தவர், கூடையிலேயே திரும்ப வைத்தார்.

"நல்லா மூச்சு வுடுது முசியே. ஒங்களுக்குக் குடுக்க மாட்டேன்."

இத்தனை வருஷமாகியும் அந்த ஆள்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. அவர் சொன்னதில் ஒரு தப்பாவது கண்டுபிடிக்க முடிந்திருந்தால் என்றோ தீர்ந்திருக்கும்.