மாமி மோடத்தை வைத்த இடம்

வடசேரியில் பஸ் ஏறி வந்து இறங்கியபோது எங்கள் தெருமுனையில் வாடகை நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. கேட்பதற்கு முன்பே அம்மா சொன்னாள்: "பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மாமி போயிட்டாவ மக்கா. காலைல நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு." கத்தாரில் இருக்கும் மாமியின் மகன் ஜெபின் அண்ணனுக்கு யார் சொல்வது, மாமி வீட்டில் இன்று இணையம் கிடைக்குமா என்றுதான் என் மனம் முதலில் ஓடியது.

மாமி பள்ளிச் சத்துணவுக்கூடத்தை நடத்தியவர். அவர் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டவர்கள் நம் திருச்சபையில் பலர் இருக்கிறீர்கள். அவர் கையில் அரிசியில் ஓர் எறும்பு கூட இருந்ததில்லை என்பீர்கள். அந்த எறும்பு வைராக்கியத்தால் நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது.

வேலைக்குப் போனதிலிருந்து ஜெபின் அண்ணன் ஊருக்கு வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கத்தான் மாமி இணைய இணைப்பு வாங்கினார். கையேட்டை வரி வரியாகப் படித்து, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் போட்டுக் கொடுத்தேன். மோடத்தில் பச்சை விளக்குகள் எரிந்தன. மறுநாள் முன்னறையில் மடிக்கணினியைத் திறந்தால் சிக்னலே இல்லை. இணைப்பு கொடுத்த லைன்மேன் வந்தால் வேலை செய்யும். அவர் போனால் நின்றுவிடும்.

"எனக்க முன்னால நல்லாதான ஓடுது?" என்றார் லைன்மேன்.

"அப்போ நீரு போன பொறவு அதுக்கு என்ன கேடு வருது?" என்றார் மாமி.

நான் கையேட்டை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். மடிக்கணினியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். கடைசியில் பொறுமை இழந்து, மோடம் எங்கே என்று வயரைப் பிடித்துக்கொண்டே சரக்கறைக்குள் போனேன். வயர் பழைய எவர்சில்வர் அரிசி டிரம்முக்குள் இறங்கியிருந்தது. மூடியைத் திறந்தால், பூவேலைத் துணிக்குள் மோடம் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மாமி இது?"

"ஏட்டி, வெளிய வச்சா சூட்டுக்கு எறும்பு கேறும். பல்லி முட்டை போடும்."

"லைன்மேன் வந்தப்போ?"

"எடுத்துத் தொடச்சு மேசையில வச்சேன். வீட்டுக்கு வாறவன் டிரம்மைத் திறந்தா பாக்கணும்?"

உலோகத்தின் பக்கத்தில் வைக்கக்கூடாது என்று கையேட்டில் இருந்தது. உலோகத்துக்குள் வைப்பவர்களைப் பற்றி அதை எழுதியவர்கள் யோசித்திருக்கவில்லை. மோடம் மேசைக்கு வந்தது. அதன் நான்கு பக்கமும் மாமி எறும்பு மருந்தால் கோடு போட்டார்.

அதோடு முடியவில்லை. இரவு வேலைக்குக் கிளம்பும் முன் அண்ணனுக்குக் கிடைக்கும் அரைமணி நேரமும் மாமியின் குடும்ப ஜெப நேரமும் ஒன்றாக இருந்தன. "ஜெபத்தைக் கொஞ்சம் முன்னால வைங்க மாமி" என்று கெஞ்சினேன். "எனக்க மாமியாரு வச்ச நேரம். கர்த்தர் காத்துக்கிட்டு இருப்பாரு" என்றார். ஒரு வாரம் அவர் ஜெபித்தார், அங்கே அண்ணன் அழைத்துக்கொண்டே இருந்தார். பிறகு ஒருநாள் மாமியே மடிக்கணினியைத் தூக்கிவந்து ஜெபப் பாயில் வைத்து, "நீயும் முட்டுப்போடுல" என்று மகனுக்கு உத்தரவிட்டார்.

அன்றிலிருந்து அண்ணன் அங்கே முழங்காலிட்டார். இணைப்பு மந்தம், நாங்கள் ஆமென் சொல்லி முடித்த பிறகுதான் அவர் குரல் வரும். வீட்டுப்பாடம் கிடக்கிறதே என்று நான் மடிக்கணினியை மூடப் போவேன். மாமி கண்ணைத் திறக்காமலே கையைப் பிடிப்பார்: "இரு பிள்ளே, அவனுக்க ஆமென் இன்னும் வந்து சேரல்ல."

அடக்கத்துக்கு அண்ணனால் வர முடியவில்லை. மோடம் மாமி வைத்த இடத்தில் எறும்புக் கோட்டுக்குள் பத்திரமாக இருந்தது. மடிக்கணினியைச் சவப்பெட்டியின் தலைமாட்டில் வைத்தேன். வீட்டு ஜெபம் முடிந்ததும் எல்லோரும் ஆமென் சொன்னோம். பெட்டியைத் தூக்கக் குனிந்தவர்களிடம், "ஒரு நிமிஷம்" என்றேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரையிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. அதன் பிறகுதான் தூக்கினார்கள்.

எங்கள் வீட்டு ஜெபத்தில் ஆமென் சொன்னதும் தம்பி எழுந்து ஓடுகிறான். நான் இன்னும் சற்று நேரம் கண்ணை மூடியே இருக்கிறேன். மாமி என்னிடம் விட்டுப்போனது அந்தச் சற்று நேரம்தான்.